ரேடியோவுக்கு முன்னால் உட்காரவைத்த பிள்ளை

என் மூத்த மகள் இரண்டரை வயது தாண்டியும் ஒரு சொல் பேசவில்லை. இதை இப்போது சிரித்துக்கொண்டே எழுதுகிறேன். அந்த நாட்களில் யாராவது என் முன்னால் இதைச் சொல்லிச் சிரித்திருந்தால் கையில் இருந்த கத்திரியை வீசியிருப்பேன். எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே. அது எங்கள் சபையில் எல்லோருக்கும் தெரியும், போதகர் உட்பட.

நாங்கள் தோவாளைக்குத் தெற்கே ஒரு சின்ன ஊரில் இருந்தோம். பஸ்ஸை விட்டு இறங்கி வயல் வரப்பில் கால் மணி நேரம் நடக்க வேண்டும். என் வீட்டுக்காரர் நாகர்கோவிலில் பள்ளிக்கூட வாத்தியார். நான் வீட்டில் தையல் மிஷின் வைத்து சேலைக்கு ஜம்பரும் பாவாடையும் குழந்தைகளுக்குச் சட்டையும் தைத்தேன். சுற்று வட்டாரத்தில் கல்யாணம், ஞானஸ்நானம், கிறிஸ்துமஸ் எது வந்தாலும் துணி என் வீட்டுக்குத்தான் வரும். சுதந்திரம் வந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. கரண்ட் மட்டும் எங்கள் ஊருக்கு வரவில்லை.

மகளுக்கு எட்டு மாதம் ஆனபோது அவர் ஒரு ரேடியோ வாங்கி வந்தார். மலையில் ஒரு எஸ்டேட்டில் வேலை பார்த்த ஒருவர் ஊரைவிட்டுப் போகும்போது விற்றது. கார் பேட்டரியில் ஓடும் ரேடியோ. பேட்டரி தீர்ந்தால் அதைச் சாக்கில் சுற்றி, பஸ்ஸில் கோட்டாற்றுக்குக் கொண்டுபோய், சார்ஜ் போடும் கடையில் கொடுத்துவிட்டு இரண்டு நாள் கழித்து வாங்கி வர வேண்டும். அதிலிருந்து ஒழுகிய ஆசிட் பட்டு என் வீட்டுக்காரரின் வேட்டிகளில் எல்லாம் தொடைப் பக்கம் ஓட்டை விழுந்தது. வாத்தியாருக்கு அதில் வெட்கம் இல்லை. எங்கள் தெருவில் அதுதான் ஒரே ரேடியோ.

இனி என் பாவத்தைச் சொல்கிறேன்.

பிள்ளை தவழத் தொடங்கியதும் நேராகத் தையல் மிஷினுக்குத்தான் வந்தாள். மிதிக்கிற பலகைக்கு அடியில் கையை விடுவாள். சக்கரத்தைப் பிடிப்பாள். தரையில் விழுந்த ஊசியை நான் தேடுவதற்கு முன் அவள் கண்டுபிடிப்பாள். ஒரு நாள் அவளுடைய சுண்டுவிரல் பலகைக்கு அடியில் நசுங்கி நீலமாகிவிட்டது. அன்று நான் அழுத அழுகையில், தைக்கக் கொடுத்தவள் துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விட்டாள். என்ன செய்வது? தொட்டிலில் போட்டால் வெளியே தாவுகிறாள். கட்டில் காலில் துணியால் கட்டிப்போடச் சிலர் சொன்னார்கள். மாட்டையா கட்டுகிறோம் என்று எனக்கு ஆத்திரம் வந்தது.

அந்த ஆத்திரத்தில்தான் ரேடியோவின் குமிழைத் திருப்பினேன். காலை பத்து மணி இருக்கும், அவர் பள்ளிக்கூடம் போயிருந்தார். பெட்டியின் முகத்தில் மஞ்சளாக ஒரு வெளிச்சம் வந்தது. அழுதுகொண்டிருந்த பிள்ளை அப்படியே நிறுத்தினாள். உள்ளே யாரோ பாடினார்கள். பிள்ளை உட்கார்ந்தாள். நான் பாயைக் கொண்டுபோய் அவளுக்கு அடியில் விரித்தேன். பாட்டு முடிந்து பேச்சு வந்தது, பேச்சு முடிந்து வெறும் இரைச்சல் வந்தது, அப்போதும் அந்த மஞ்சள் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அன்று மத்தியானத்துக்குள் நான் இரண்டு ஜம்பர் தைத்து முடித்தேன். அந்த எஸ்டேட்காரர் எங்கே இருந்தாலும் நன்றாக இருக்கட்டும் என்று மனதார ஜெபித்தேன்.

மறுநாளும் வைத்தேன். அதற்கு மறுநாளும். திருச்சி ஓய்ந்தால் திருவனந்தபுரம், அதுவும் ஓய்ந்தால் இலங்கை. பெட்டி தமிழ் பேசுகிறதா மலையாளம் பேசுகிறதா என்பது பிள்ளைக்கும் ஒரு பொருட்டில்லை, எனக்கும் இல்லை. அவள் உட்கார்ந்தால் போதும். அவர் வருவதற்கு அரை மணிக்கு முன் அணைத்து, மேலே பூத்துணியைப் போட்டு மூடிவிடுவேன். அவரிடம் சொல்லவில்லை. சொல்லாததற்கு ஒரு காரணமும் கிடையாது, சொன்னால் வேண்டாம் என்பார் என்பதைத் தவிர.

பதினைந்து நாள் வரவேண்டிய பேட்டரி ஒரு வாரத்தில் தீர்ந்தது. அவர் கோட்டாற்றுக் கடையில் போய்ச் சண்டை போட்டார். ஒருமுறை நானும் துணி வாங்க அவரோடு போயிருந்ததால் அதைக் கண்ணால் பார்த்தேன்.

"வே, பதினஞ்சு நாளு வரும்னுதானே சொன்னீரு? ஏழு நாளுல செத்துப் போச்சே. பாதி சார்ஜ்தான் போடுதீரு."

"சாரே, கர்த்தர் மேல ஆணையா முழுசாத்தான் போட்டேன். உங்க பெட்டியிலதான் என்னமோ கோளாறு."

"கள்ளத்தனமும் பண்ணிட்டு ஆணை வேறயா?"

நான் பக்கத்தில் நின்று வெயிலைப் பார்த்தேன்.

சாயங்காலம் நடந்தது வேறு கதை. செய்தி நேரத்துக்குத் தெருவே எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். ஆண்கள் முன்னறையிலும் பெண்கள் கதவுக்குப் பின்னாலும் நிற்பார்கள். ஆரல்வாய்மொழிக் கணவாயில் இருந்து வருகிற காற்று எங்கள் ஊரில் வருஷத்தில் பாதி நாள் சும்மா இருக்காது. இரண்டு தென்னைகளுக்கு நடுவே கட்டிய ஏரியல் கம்பி ஆடும், அது ஆட ஆட ரேடியோவில் பேசுகிறவர் கிணற்றுக்குள் போவதும் வெளியே வருவதுமாக இருப்பார். அதனால் என் வீட்டுக்காரர் ஒரு சட்டம் வைத்தார். பெட்டி பேசும்போது மனிதர் பேசக் கூடாது. யாராவது இருமினால்கூட வகுப்பில் பையன்களைப் பார்ப்பதுபோல் பார்ப்பார். உதட்டின் மேல் விரலை வைத்து, "மிண்டாதே" என்பார். எங்கள் பக்கத்தில் வாய் திறக்காதே என்பதற்கு அப்படித்தான் சொல்வோம். பிள்ளை 'ங்ஙா' என்றால் அவர் விரல் முதலில் எழும், பிறகு என் விரல், பிறகு கதவுக்குப் பின்னால் இருக்கிற அத்தனை பெண்களின் விரலும். சீக்கிரமே பிள்ளையும் விரலை வைக்கக் கற்றுக்கொண்டாள். சின்ன விரல், பாதி மூக்கின் மேல் இருக்கும். எல்லோரும் கொஞ்சினார்கள்.

கோயிலிலும் அப்படித்தான். மற்றப் பிள்ளைகள் பிரசங்க நேரத்தில் கத்த, என் மகள் உதட்டில் விரல் வைத்து உட்கார்ந்திருப்பாள். வாத்தியார் வளர்ப்பு என்று போதகரே ஒருமுறை மெச்சினார். அன்று நான் தலை நிமிர்ந்து வீட்டுக்கு வந்தேன். இப்போது நினைத்தாலும் அந்த நிமிர்வுக்காக எனக்கு என்மேல் கோபம் வருகிறது.

இரண்டு வயது ஆயிற்று. பேச்சு இல்லை. அவளோடு ஒரே மாதத்தில் பிறந்த பக்கத்து வீட்டுப் பையன், பூ பறிக்கப் போகிற தன் அம்மாவிடம் பிச்சிப்பூ, அரளிப்பூ என்று பேர் சொல்லி வழக்கடித்தான். என் மகளுக்கு ஏதாவது வேண்டுமென்றால் என் சேலையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டுவாள். அழும்போதும் பாதிக்குமேல் சத்தம் வராது. பெண்பிள்ளைகள் சீக்கிரம் பேசும் என்றார்கள் சிலர். வாசலைத் தாண்டியதும் பிள்ளை ஊமையோ என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள்.

என் வீட்டுக்காரருடைய அக்காவைக் களியக்காவிளையில் கட்டிக் கொடுத்திருந்தது. மைனி ஒரு முழு வசம்போடு வந்து இறங்கினாள்.

"ஏட்டி, பிள்ளைக்கு நாக்கு தடிச்சுக் கெடக்கு. பொறந்தப்பவே வசம்பு உரசிக் கொடுத்திருக்கணும். நீ எந்நேரமும் மிஷின மிதிச்சிட்டிருந்தா பிள்ள எங்கன பேசும்?"

வசம்பைத் தேனில் உரசிப் பிள்ளையின் நாக்கில் தடவினாள். பிள்ளை அவள் விரலைக் கடித்துவிட்டாள். மைனி அலறினாள். எனக்கு உள்ளுக்குள் மகிழ்ச்சியாக இருந்தது. அவள் சொன்னதில் பாதி உண்மை இருந்தது, அந்தப் பாதியை நான் காதில் வாங்கவில்லை.

ஒரு நாள் எனக்கு அந்த எண்ணம் வந்தே விட்டது. காது கேட்கவில்லையோ? பிள்ளை திரும்பி உட்கார்ந்திருந்தபோது பின்னால் நின்று வெண்கலத் தட்டைத் தரையில் போட்டேன். தட்டு உருண்டு உருண்டு வீடே அதிர்ந்தது. பிள்ளை சட்டென்று திரும்பினாள். தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், விரலை எடுத்து உதட்டில் வைத்தாள். காது கேட்கிறது என்ற சந்தோஷத்தில் அவளைத் தூக்கி முத்தமிட்டேன். அந்த விரல் என்ன சொல்கிறது என்று பார்க்கத் தோன்றவில்லை. காது கேட்கிறது என்றால் கோளாறு வேறு எங்கோ இருக்கிறது என்ற பயம் அடுத்த நிமிஷமே வந்து உட்கார்ந்துகொண்டது.

இரண்டரை தாண்டியதும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனேன். டாக்டரம்மாவுக்கு நரைத்த தலை, அவசரம் இல்லாத கை. காதுக்குள் பார்த்தார், நாக்கைத் தூக்கிப் பார்த்தார், தொண்டையைத் தடவினார். மணியை ஆட்டினார். மணிச் சத்தத்துக்கு என் மகள் உதட்டில் விரல் வைத்தாள்.

"காது நல்லாயிருக்கு. நாக்கும் நல்லாயிருக்கு. இந்த விரல் வைக்க யார் சொல்லிக் குடுத்தா?"

பெருமையோடுதான் சொன்னேன், ரேடியோவையும் சாயங்காலக் கூட்டத்தையும்.

"பகல்ல?"

"பகல்ல நான் தைப்பேன். அவளும் ரேடியோ கேட்டுட்டு அடக்கமா இருப்பா."

"தைக்கும்போது அவகூட வர்த்தமானம் ஏதாவது பேசுவீங்களா?"

எப்படிச் சொல்வது? தைக்கும்போது என் வாயில் குண்டூசி இருக்கும். ஏழோ எட்டோ உதட்டுக்கு நடுவில் கடித்துக்கொண்டு, ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் குத்துவேன். வாய் திறந்தால் ஊசி விழும், விழுந்தால் பிள்ளை எடுப்பாள். அதனால் காலையிலிருந்து மூன்று மணி வரை என் வாய் திறப்பதே கிடையாது. மூன்று மணிக்கு மேல் சமையல். சாயங்காலம் விரல். நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்து ஒரு முழு நாளை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். என் மகளைப் பார்த்து, அவளுக்காக, ஒருவர் ஒரு பேச்சு முழுதாகப் பேசும் நேரம் அதில் எங்கேயும் இல்லை.

டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லி ஆறியிருப்பேன். "இதுதான் காரணம்னு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன். சில பிள்ளைங்க சும்மாவே லேட்டாப் பேசும். சிலது பேசாமலும் போகும். ரெண்டு மூணு மாசம் பெட்டிய மூடிவச்சுட்டு நீங்க பேசிப் பாருங்க. அப்புறம் கொண்டு வாங்க" என்றார். பேசாமலும் போகும் என்ற சொல் பஸ்ஸில் வீடு வரும்வரை என்கூடவே உட்கார்ந்து வந்தது.

அன்று சாயங்காலம் அவர் மரச்சீனிக் கிழங்கும் மீன் கறியும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னேன்.

"இஞ்ச பாருங்க, பேட்டரியத் தீத்தது நான்தான். நீங்க போனபிறகு பிள்ளைக்கு வச்சுக் குடுப்பேன்."

அவர் கை நின்றது. "எத்தன நாளா?"

"ஒண்ணே முக்கால் வருசமா."

பிள்ளையைக் கெடுத்தாயே என்று கேட்பார் என நான் இறுகி நின்றேன். "எட்டி, அந்த மனுசன நான் கள்ளன்னு சொல்லியாச்சே" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது. சிரித்து முடித்ததும் அழுதேன். டாக்டரம்மா சொன்னது முழுவதையும் சொன்னேன். அவர் எழுந்து கை கழுவிவிட்டு வந்து, "பகல்ல நீ வாய மூடின. சாயங்காலம் அவ வாய மூடினது நானாக்கும்" என்றார். இருபத்தொரு மாதமாக நெஞ்சில் வைத்திருந்த கல்லை இறக்கிப் பாதியை இன்னொருவர் தலையில் வைத்தது மாதிரி இருந்தது. மறுநாளே பேட்டரியைச் சாக்கில் சுற்றிக்கொண்டு கோட்டாற்றுக்குப் போனார். கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்டார். நான் சொல்லும்வரை இது இங்கேயே கிடக்கட்டும் என்று விட்டுவிட்டு வந்தார். அந்தக் கடைக்காரர் மனதுக்குள் என்ன நினைத்தாரோ, ஒரு சீப்பு ரசகதலிப்பழம் பிள்ளைக்கென்று கொடுத்து அனுப்பினார்.

தெருவுக்குக் கோபம். கோபிக்கட்டும் என்று விட்டேன். நான் பழைய துணியைச் சுருட்டி ஒரு பந்து தைத்து இடது மணிக்கட்டில் கட்டிக்கொண்டு குண்டூசியை எல்லாம் அதில் குத்தினேன். வாய் காலியாயிற்று. காலியான பிறகுதான் தெரிந்தது, எனக்குப் பிள்ளையிடம் பேசத் தெரியாது. பெரியவர்களிடம் பேச எனக்கு விஷயம் நிறைய உண்டு, பெரும்பாலும் அவர்கள் செய்த தப்பு. இரண்டரை வயதுப் பிள்ளை என்ன தப்பு செய்தது? முதல் நாள் நூலைத் திட்டினேன். "இந்தச் சவத்துப் பய நூலப் பாத்தியா மக்கா, நாலு தையலுக்கு ஒருக்கா அறுந்து போறான்." பிள்ளை என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். என் வாயைத்தான் பார்த்தாள், பெட்டியின் வெளிச்சத்தைப் பார்த்த மாதிரி.

பிறகு பொத்தான் டப்பாவை அவளிடம் கொடுத்தேன், விழுங்கிவிடாத பெரிய பொத்தான்கள் மட்டும். அதில் ஒன்று இரண்டு ஓட்டையும் ஒன்றாக உடைந்தது. ஒற்றைக்கண் பொத்தான் என்று பேர் வைத்தேன். எந்தச் சட்டையிலும் அதைச் சேர்க்கவில்லை, பாவம். அது தனக்கு ஒரு சட்டை தேடித் தோவாளையில் பஸ் ஏறிக் கோட்டாற்றுக்குப் போயிற்று. கடைகடையாக ஏறி இறங்கியது. தினமும் ஒரு கடை. நானா இப்படி எல்லாம் பேசுகிறேன் என்று எனக்கே கூச்சமாக இருக்கும். யாராவது துணியோடு வந்தால் நிறுத்திவிடுவேன். பிள்ளை என் தாடையைப் பிடித்து ஆட்டுவாள்.

ஆனால் பேசவில்லை. ஒரு மாதம் போயிற்று. இரண்டாவது மாதமும் போயிற்று. பகலெல்லாம் பேசித் தொண்டை கட்டிப் போய், சாயங்காலம் அவர் முகத்தைப் பார்க்காமல் சோறு போடுவேன். அவரும் "இன்னைக்கு?" என்று கேட்பதை விட்டுவிட்டார். டாக்டரம்மா சொன்ன கெடு முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. எனக்குப் பயம் என்றால் அப்படிப் பயம்.

அந்தச் சமயம் எங்கள் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேருமா, திருவிதாங்கூர்ப் பக்கமே நிற்குமா என்று ஊர் முழுக்க ஒரே பேச்சு. அன்றைய செய்தியில் அதைப் பற்றிச் சொல்லப்போகிறார்கள் என்று யாரோ நாகர்கோவிலில் கேட்டு வந்துவிட்டார்கள். தெரு முழுக்க என் வீட்டுக்காரரைச் சூழ்ந்துகொண்டது. இன்று ஒரு நாள் மட்டும் என்றார்கள். அவர் என்னைப் பார்த்தார். எனக்கும் தெரிந்துகொள்ள ஆசைதான். தலையாட்டினேன். அன்று பள்ளிக்கூட விடுமுறை, மத்தியானமே போய்ப் பேட்டரியை எடுத்து வந்தார்.

சாயங்காலம் முன்னறையில் நிற்க இடமில்லை. மழை பெய்து ஓய்ந்திருந்தது, காற்றும் இல்லை. நான் கதவோரம் உட்கார்ந்து பிள்ளைக்குப் பயற்றங்கஞ்சி ஊட்டிக்கொண்டே பொத்தான் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அன்று ஒற்றைக்கண் பொத்தான் கோட்டாற்றில் கடைசிக் கடைக்குள் நுழைந்திருந்தது. அவர் கம்பியைப் பேட்டரியில் மாட்டினார். மஞ்சள் வெளிச்சம் வந்தது. பெட்டி கரகரத்துவிட்டுத் தெளிவாகப் பேசத் தொடங்கியது. சட்டம் யாருக்கும் மறக்கவில்லை. எல்லா வாயும் அடைந்தது. பழக்கத்தில் அவர் விரலும் என்னைப் பார்த்து எழுந்தது. நானும் பாதிச் சொல்லில் நிறுத்தினேன்.

பிள்ளை எழுந்தாள். போய்விட்டாள், பழையபடி வெளிச்சத்துக்குப் போய்விட்டாள் என்றுதான் நினைத்தேன். பெரியவர்களின் கால்களை விலக்கிக்கொண்டு ரேடியோவுக்கு முன்னால் போய் நின்றாள். விரலை எடுத்தாள், பாதி உதட்டிலும் பாதி மூக்கிலுமாக வைத்தாள்.

"மிண்டாதே!" என்றாள், பெட்டியைப் பார்த்து.

குழறிய நாக்கில்லை, தடித்த நாக்கில்லை. மணிபோல வந்தது. பெட்டி மட்டும் கேட்காமல் பேசிக்கொண்டிருந்தது. அதன் மரியாதைக் குறைவைப் பார்த்து அவள் இன்னும் உரக்க ஒருமுறை சொன்னாள். பிறகு திரும்பி வந்து என் மடியில் உட்கார்ந்து, என் தாடையைப் பிடித்து ஆட்டினாள்.

"சொல்லு" என்றாள்.

என்னால் எங்கே சொல்ல முடியும்? கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு வாய்விட்டு அழுதேன். கதவுக்குப் பின்னால் இருந்த பெண்களும் அழுதார்கள், பக்கத்து வீட்டுக்காரி எல்லோரையும்விடச் சத்தமாக. என் வீட்டுக்காரர் குமிழைத் திருப்பக்கூட நிற்கவில்லை, பேட்டரியிலிருந்து கம்பியைப் பிடுங்கி எறிந்தார். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு நான் விட்ட இடத்திலிருந்து கதையைச் சொன்னேன், அத்தனை ஆண்களும் நின்று கேட்டார்கள்.

எங்கள் தாலுகாக்களைப் பற்றி அன்று ரேடியோவில் என்ன சொன்னார்கள் என்று மறுநாள் பேப்பர் வரும்வரை எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. ஒற்றைக்கண் பொத்தானுக்குச் சட்டை கிடைத்துவிட்டது மட்டும் எல்லோருக்கும் தெரியும்.